அவசரமாகப் போனார்; எப்படிப் போனார்?

'அவர் தாலுகா அலுவலகத்துக்கு அவசரமாகப் போனார்.' மொழிபெயர்ப்புப் பழக என்னிடம் வருபவர்களுக்கு முதல் நாளே இந்த வரியைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்வேன். பெரும்பாலோர் 'வென்ட் ஃபாஸ்ட்' என்றோ 'வென்ட் ஹர்ரீட்லி' என்றோ எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். சிலர் சொற்களஞ்சியத்தைப் புரட்டி, கண்ணில் பட்டதிலேயே பகட்டான சொல்லைப் பிடித்து வந்து 'ஸ்கட்டில்ட்' என்று எழுதுவார்கள். முதல் கூட்டத்தின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வாக்கியம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது கூட்டம்தான் ஆபத்தானது. பட்டா மாறுதலுக்காக மனுவோடு கிளம்பிய ஒரு பெரியவரை அது நண்டாக்கிவிட்டது.

நான் நெடுங்காலம் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் இரவு வேலை பார்த்தேன். முகமைகள் அனுப்பும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவது வேலை. ஓய்வுக்குப் பிறகு எதிர்த்திசையில் நடக்கிறேன்: தமிழ்ச் சிறுகதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறேன். விரைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் தமிழர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். அதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். அகரவரிசைப் பட்டியல் தரப்போவதில்லை. பட்டியல்தான் நோய். ரோஜே 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியமும் சரி, நம்முடைய நிகண்டுகளும் சரி, ஒரு பொருளுக்குரிய சொற்களை ஓரிடத்தில் கூட்டி நிறுத்துமே தவிர, எதை எங்கே அனுப்புவது என்று சொல்லாது. 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று தொல்காப்பியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கதழ்வுக்கும் துனைவுக்கும் என்ன வேறுபாடு என்பதை நாம்தான் பாட்டுகளில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கும் அதே கதிதான்.

முதலில் ஒரு பழக்கத்தை விட்டொழியுங்கள்: 'எவ்வளவு வேகம்?' என்று கேட்கும் பழக்கம். இந்தச் சொற்கள் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரிசை கட்டி நிற்பவை அல்ல. கரப்பான்பூச்சியின் 'ஸ்கட்டில்' ஒரு மனிதனின் சாதாரண நடையைவிடவும் மெதுவாக இருக்கலாம். ஆனாலும் அது விரைவுச் சொல்தான். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கால் என்ன செய்கிறது? போகிற உருவம் பெரிதா, சிறிதா? ஒன்றை நோக்கிப் போகிறதா, ஒன்றிடமிருந்து போகிறதா? போகிறவருக்குத் தன் உடல் மேல் கட்டுப்பாடு இருக்கிறதா? இந்த நான்கில் எது உங்கள் வரியில் முக்கியமோ, அதைச் சொல்லும் வினைச்சொல்லைத் தேடுங்கள். வேகம் தானாகக் கூடவே வரும்.

காலிலிருந்து தொடங்குவோம். சின்னச் சின்ன அடிகளாக, வேகமாக எடுத்து வைத்தால் 'ஸ்கர்ரி'. எலி, அணில், மழை பிடித்துக்கொண்டதும் கூரை தேடும் கூட்டம் எல்லாம் இந்தச் சொல்லுக்குள் வரும். அதில் ஒரு பதற்றமும் இருக்கும். 'ஹர்ரி-ஸ்கர்ரி' என்று நம்முடைய 'அரக்கப்பரக்க' போல இரட்டையாக வழங்கியதிலிருந்து பிரிந்து தனியே வாழ வந்த சொல் இது என்கிறார்கள். அதே சின்ன அடிகள், ஆனால் பயமில்லை, விளையாட்டு என்றால் 'ஸ்கேம்பர்'. பள்ளி மணி அடித்ததும் மைதானத்துக்குப் பாயும் பிள்ளைகளுக்கு அது பொருந்தும். அதே அடிகள், ஆனால் தரையோடு தரையாக, யார் கண்ணிலும் படாமல் மறைவிடத்துக்குள் புகுந்துவிட வேண்டும் என்றால் 'ஸ்கட்டில்'. தரங்கம்பாடிக் கடற்கரையில் மாலை வேளையில் நடந்தால் நம் காலடிச் சத்தம் கேட்டு நண்டுகள் பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறையுமே, அந்த ஓட்டம் இதுதான். விளக்கைப் போட்டதும் அடுப்படியில் கரப்பான் ஓடுவதும் இதுதான்.

இந்த மூன்றையும் மனிதர்களுக்குப் போடும்போது எச்சரிக்கை வேண்டும். 'பண்ணையார் கூப்பிட்டதும் மாரி ஓடோடி வந்தான்' என்று கதையில் வருகிறது. 'ஸ்கர்ரீட்' என்று எழுதினால் இலக்கணம் சரி. ஆனால் மாரி அந்தக் கணமே எலி அளவுக்குச் சுருங்கிப்போகிறான். பண்ணையாரின் கண்ணால் அவனைப் பார்க்கச் சொல்லி வாசகரைத் திருப்பிவிடுகிறது அந்தச் சொல். வெள்ளைக்கார துரைகள் காலத்து ஆங்கிலக் கதைகளில் வேலைக்காரர்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள். மூலக்கதை ஆசிரியரும் பண்ணையார் கண்ணால்தான் பார்க்கிறார் என்றால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் 'கேம் ரன்னிங்' போதும். 'ஓடி வந்தான்' என்பதற்கு இத்தனை நெருக்கமான ஆங்கிலம் வேறு கிடையாது. அன்பினால் ஓடி வந்தாலும், அச்சத்தினால் ஓடி வந்தாலும், பால் பொங்குகிறதே என்று ஓடி வந்தாலும் அது தாங்கும்.

பெரிய அடிகளுக்கு வேறு சொற்கள். ஓடாமல், நீளமாக, ஒரு முடிவோடு நடந்தால் 'ஸ்ட்ரைட்', இறந்தகாலம் 'ஸ்ட்ரோட்'. நம்முடைய 'விறுவிறுவென்று நடந்தார்' பெரும்பாலும் இதற்குள் அடங்கும். கோபமும் சேர்ந்தால் 'மார்ச்'. கோபம் தலைக்கேறிக் கதவை அறைந்துவிட்டு வெளியேறினால் 'ஸ்டார்ம்ட் அவுட்'. துள்ளித் துள்ளிப் பாய்ந்தால் 'பவுண்ட்'. நாய்க்கும் மானுக்கும் ஏற்றது, படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவும் பையனுக்கும் ஏற்றது. பட்டுப்புடவை சரசரக்க, யாரையும் பார்க்காமல், ஒரு தோரணையோடு விரைந்து நுழையும் மாமியாருக்கு 'ஸ்வெப்ட் இன்'. அந்த ஒரு சொல்லிலேயே புடவைத் தலைப்பும் வந்துவிடும்.

குதிரைச் சொற்கள் தனிக் குடும்பம். 'ட்ராட்' இரண்டு தாளம், 'கேன்டர்' மூன்று, 'கேலப்' நான்கு. குளம்பு தரையில் படும் கணக்கு அது. கேன்டர்பரி திருத்தலத்துக்குக் குதிரையில் போன யாத்திரிகர்கள் அதிகம் அலுங்காமல் போன வேகம்தான் சுருங்கிக் 'கேன்டர்' ஆனது. மனிதர்களுக்கு 'ட்ராட்' போட்டால் குட்டையான அடிகளோடு கூடவே ஓடுவது: நீளக் காலுடன் நடக்கும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் 'ட்ராட்' செய்வாள். 'நாலுகால் பாய்ச்சலில்' என்பதற்கு 'அட் எ கேலப்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இரண்டு மொழிகளும் ஒரே மிருகத்தைப் பார்த்துச் செய்த தொடர்கள் அவை.

திசைக்கு வருவோம். ஒன்றை நோக்கிக் குறுகிய தூரம், குறியோடு ஓடினால் 'டேஷ்'. கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது 'டேஷ் ஃபார் த பஸ்'. நேர்கோட்டில், திடீரென்று, கண் இமைப்பதற்குள் பாய்ந்தால் 'டார்ட்'. கையால் எறியும் சிறு ஈட்டிக்கு அந்தப் பெயர். அதனால்தான் பல்லிக்கும், சாலையின் குறுக்கே பாயும் கீரிக்கும், நிலைகொள்ளாமல் இங்கும் அங்கும் தாவும் கண்களுக்கும் அது பொருந்துகிறது. 'போல்ட்' என்பதும் ஓர் ஆயுதம்தான்: குறுக்குவில்லில் வைத்து எய்யும் குட்டையான கனத்த அம்பு. மிரண்ட குதிரை கடிவாளத்துக்கு அடங்காமல் தறிகெட்டு ஓடுவது 'போல்ட்'. 2009-இல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 நொடியில் கடந்த ஜமைக்கா வீரருக்கு அதுவே குடும்பப் பெயராக அமைந்தது தற்செயல். அவர் ஓடியது மட்டும் 'ஸ்பிரின்ட்', 'போல்ட்' அல்ல. எதற்கும் மிரண்டு அவர் ஓடவில்லை.

எதிர்த்திசையில், அதாவது ஒன்றிடமிருந்து ஓடும்போதுதான் செய்தி மேசையில் பெரிய குழப்பம். 'தப்பி ஓடினார்' என்று தமிழில் எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரியும். 'ஃப்ளீ' என்றால் ஆபத்திலிருந்து ஓடுவது. தப்பித்தாரா என்பதை அந்தச் சொல் சொல்லாது. ஓடத் தொடங்கினாலே போதும். 'எஸ்கேப்' என்றால் தப்பித்தேவிட்டார். அதில் ஓட்டம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சுவர் ஏறிக் குதித்திருக்கலாம், லாரியில் படுத்தபடி போயிருக்கலாம். 'அப்ஸ்காண்ட்' என்றால் சட்டத்தின் கைக்கு அகப்படாமல் ரகசியமாக விலகிப்போவது. அதில் வேகமே இல்லை. மாமனார் வீட்டு மாடியில் மூன்று மாதம் நாற்காலியில் உட்கார்ந்தே ஒருவர் அதைச் செய்யலாம். நம் காவல் நிலைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஓயாமல் வருவதால் பலரும் இதை ஓட்டச் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'தலைமறைவு' என்ற தமிழ்தான் மிகச் சரி. இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: 'ஃப்ளீ'யின் இறந்தகாலம் 'ஃப்ளெட்'. 'ஃப்ளூ' என்று எழுதினால் குற்றவாளிக்குச் சிறகு முளைத்துவிடும், அல்லது விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

'கம்பி நீட்டினான்', 'ஓட்டம் பிடித்தான்' போன்றவற்றுக்கு ஆங்கிலத்திலும் குறும்பான சொற்கள் உண்டு. ஆனால் ஊர் பார்த்துப் போட வேண்டும். 'ஸ்கார்பர்', 'லெக் இட்' இரண்டும் பிரிட்டன்காரர் வாயில் வருபவை. 'ஸ்கெடாடில்' 1861 வாக்கில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பரவிய கொச்சை. 'ஹைடெயில்' என்பதும் அமெரிக்காவுடையது. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் விலங்கைப் பார்த்துப் பிறந்தது. மன்னார்குடித் தெருவில் ஓடும் ஒரு பையனை 'ஹைடெயில்' செய்ய வைத்தால் அவன் தலையில் கௌபாய் தொப்பி ஒன்று தெரியும். எனக்கு இந்தச் சொற்கள் மேல் ஆசை உண்டு, கதையில் சேர்ப்பதில்லை. 'மேட் ஹிம்செல்ஃப் ஸ்கேர்ஸ்' என்ற தொடரில் ஊர்வாசனை குறைவு. கம்பி நீட்டுவதற்கு அது நன்றாகவே உதவும்.

கட்டுப்பாடு என்ற கேள்வி வண்டிகளுக்கு மிக முக்கியம். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரி இறங்கினால் 'ஸ்பெட் டவுன்' என்று எழுதாதீர்கள். அது ஓட்டுநர் வேண்டுமென்றே வேகமாக ஓட்டினார் என்று குற்றம் சாட்டுவதாகிவிடும். 'ஹர்ட்டில்' என்று ஒரு சொல் இருக்கிறது. நிறுத்த ஆளில்லாத, நிறுத்தினாலும் நிற்காத வேகம் அது. விண்கல்லும் அப்படித்தான் வரும். தடை தாண்டும் ஓட்டத்தின் 'ஹர்டில்' வேறு. ஓர் எழுத்து மாறினால் லாரி உயரம் தாண்டிவிடும். இன்னொரு சொல் 'கரியர்'. ஆமாம், படித்து முடித்த பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோர் கவலைப்படும் அதே சொல்தான் (டிபன் கேரியர் அல்ல, அது வேறு). பந்தயப் பாதைக்கு வழங்கிய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, பெயராக நிற்கும்போது தொழில்வாழ்க்கை ஆனது; வினையாக வரும்போது தாறுமாறாக, இங்கும் அங்கும் அலைபாய்ந்தபடி விரைவதைக் குறிக்கிறது. அமெரிக்கர்கள் இந்த இடத்தில் 'கரீன்' என்பார்கள். அது கப்பலைப் பக்கவாட்டில் சாய்ப்பதற்கு இருந்த சொல்.

இனி, என் பகைச்சொல்: 'ரஷ்'.

இந்திய ஆங்கில நாளிதழ்களில் எல்லோரும் 'ரஷ்' செய்துகொண்டே இருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி சம்பவ இடத்துக்கு ரஷ். போலீஸ் ரஷ். அமைச்சர் ரஷ், அவர் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்திருந்தாலும் ரஷ்தான். தமிழ்ச் செய்தியிலும் எல்லோரும் 'விரைந்தனர்'. இந்தச் சொல்லுக்குள் ஒரு தள்ளுவிசை இருக்கிறது. உடம்பை முன்னால் எறிவது போன்ற வேகம். அது இருக்கும் இடத்தில் போடுங்கள். அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள் என்றால் 'வாஸ் ரஷ்ட் டு ஹாஸ்பிடல்' மிகச் சரி. அதைவிட நல்ல ஆங்கிலம் கிடையாது. 'டோன்ட் ரஷ் மீ', என்னை அவசரப்படுத்தாதே, அதுவும் சரி. அமைச்சருக்கு மட்டும் 'விசிட்டட்' என்று எழுதினால் உண்மையும் கெடாது, மையும் மிச்சம்.

'ரஷ்' உடம்பில் இருக்கிறது என்றால் 'ஹர்ரி' மனத்தில் இருக்கிறது. நேரம் போதவில்லை என்ற எண்ணம்தான் அது. 'ஐ ஆம் இன் எ ஹர்ரி' என்று சொல்பவர் பல் மருத்துவரின் கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். 'ஹேஸன்' இன்னும் தள்ளி நிற்கும் சொல். அதற்கு இன்றைய ஆங்கிலத்தில் கால் அநேகமாக இல்லை. 'ஐ ஹேஸன் டு ஆட்' என்றால் தவறாக எண்ணிவிடாதீர்கள், இதையும் சொல்லிவிடுகிறேன் என்று பொருள். கடைக்கு 'ஹேஸன்' செய்யும் மாணவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கடைக்குச் சட்டென்று போய்வருவது பிரிட்டனில் 'நிப்'. அமெரிக்காவில் 'ரன் டு த ஸ்டோர்'. அங்கே அந்த ஓட்டம் காரில் உட்கார்ந்தபடி நடக்கும்.

கூட்டம் ஓடும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்க முண்டியடிக்கிறார்கள் என்றால் 'ஸ்க்ராம்பில்'. கையும் காலும் சேர்ந்து வேலை செய்வதும், அடுத்தவரை முந்தும் போட்டியும் அதில் உண்டு. 'விழுந்தடித்துக்கொண்டு' என்பதற்கும் அதுவே. ஆனால் 'ஸ்டாம்பீட்' என்ற சொல்லைத் தொடும்முன் நில்லுங்கள். அது மெக்சிகோ ஸ்பானிய மொழியிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்கு வந்தது. மிரண்ட மாட்டு மந்தை ஒட்டுமொத்தமாகப் பாய்ந்தோடுவது அதன் பொருள். 1992 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் நடந்ததைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'நெரிசல்' என்று எழுதின. ஆங்கிலத்தில் இன்றும் 'ஸ்டாம்பீட்' என்கிறார்கள். தமிழ்ச் சொல்தான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் யாரும் ஓடுவதில்லை. ஓட இடமே இருப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சு முட்டி இறக்கிறார்கள். 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்து பார்க்கப் போன 97 பேர் உயிரிழந்த நிகழ்வை ஆங்கிலேயர்கள் 'கிரஷ்' என்றுதான் எழுதுகிறார்கள். கூட்ட நெரிசல் வல்லுநர்களும் அந்தச் சொல்லையே கேட்கிறார்கள். 'ஸ்டாம்பீட்' என்றால் மக்கள் மந்தையைப் போல ஓடி ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள் என்று பழி இறந்தவர்கள் மேலேயே விழுகிறது. வாசலைப் பூட்டி வைத்தவரும், அளவுக்கு மேல் ஆளை உள்ளே விட்டவரும் தப்பித்துக்கொள்கிறார்கள். நெரிசல் என்று மூலத்தில் இருந்தால் 'கிரஷ்' என்று எழுதுங்கள். மேசையில் இருக்கும் மூத்தவர் மாற்றச் சொன்னால் வாதாடுங்கள்.

சொல் கிடைத்துவிட்டது, இனி அதை வாக்கியத்தில் உட்கார வைக்கும் முறை. இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது. 'ஓடி உள்ளே நுழைந்தாள்' என்கிறோம். எப்படி என்பது எச்சத்தில் (ஓடி), எங்கே என்பது முற்றில் (நுழைந்தாள்). ஆங்கிலம் இதைத் தலைகீழாக்கும்: எப்படி என்பது முதன்மை வினை, எங்கே என்பது பின்னால் ஒட்டும் குட்டிச் சொல். 'ஷி டேஷ்ட் இன்.' முடிந்தது. லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் உலக மொழிகளை இந்த வேறுபாட்டை வைத்தே இரண்டு பெரும் வகையாகப் பிரித்தார். ஆங்கிலம் ஒரு பக்கம், தமிழ் மறு பக்கம். ஆகவே உங்கள் தமிழ் வாக்கியத்தின் எச்சத்தை எடுத்து ஆங்கில வினையாக்குங்கள். முற்றை எடுத்து 'இன்', 'அவுட்', 'அப்', 'டவுன்', 'அக்ராஸ்', 'பாஸ்ட்' என்பவற்றில் ஒன்றாகச் சுருக்குங்கள். 'ஷி ரேன் ஃபாஸ்ட் அண்ட் என்டர்ட் இன்சைட்' என்று வரும் வாக்கியங்களில் பாதி இந்த ஒரே சிகிச்சையில் குணமாகும். இன்னொரு பாதிக்கு 'ஃபாஸ்ட்', 'குயிக்லி' என்று பின்னால் தொங்கும் அடைகளை அறுத்துவிட வேண்டும். 'டேஷ்ட் குயிக்லி' என்று எழுதுபவர் மெதுவாக 'டேஷ்' செய்யும் ஒருவரை எனக்குக் காட்டட்டும்.

நம்முடைய அடைகள் அப்படியல்ல. அங்கேதான் தமிழின் செல்வம் இருக்கிறது. இரட்டைக்கிளவிகளை வேகம் என்று படிக்காமல் உடம்பு என்று படியுங்கள். 'தடதடவென்று படி இறங்கினான்' என்பதில் மரப்படியும் குதிகாலும் கேட்கின்றன: 'கிளாட்டர்ட் டவுன் த ஸ்டெப்ஸ்'. 'விர்ரென்று போயிற்று' என்பதில் காற்று கேட்கிறது: 'விஸ்ட் பாஸ்ட்'. 'சரசரவென்று அணில் தென்னையில் ஏறியது' என்பதில் மட்டையில் நகம் உரசும் ஒலி. 'ஸ்கர்ரீட் அப்' என்றால் கால் கிடைக்கும், ஒலி போய்விடும். போகட்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. 'குடுகுடு' ஒரு விசித்திரம். இரண்டு வயதுக் குழந்தையும் குடுகுடுவென்று வரும், எண்பது வயதுக் கிழவரும் குடுகுடுவென்று வருவார். குழந்தைக்கு 'கேம் ட்ராட்டிங்' போடலாம். கிழவர் பாதம் தேய்த்து வருவதால் 'ஷஃபில்' வேண்டும். வேகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அடையைச் சேர்க்க நான் ஒப்புக்கொள்ளும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

தொடர்களில் சில தானாகவே பொருந்தும். 'தலைதெறிக்க' என்று நாம் தலையைப் பணயம் வைத்தால், அவர்கள் 'பிரேக்நெக்' என்று கழுத்தைப் பணயம் வைக்கிறார்கள். 'ஓட்டமும் நடையுமாக' என்பது 'ஹாஃப் வாக்கிங், ஹாஃப் ரன்னிங்'. 'பின்னங்கால் பிடரியில் பட' என்பதை அப்படியே கொண்டுபோக ஆசைப்படாதீர்கள்; வாசகர் உடற்பயிற்சிப் படம் பார்ப்பதுபோல் விழிப்பார். 'டுக் டு ஹிஸ் ஹீல்ஸ்' என்பதிலும் குதிகால் இருக்கிறது, அது போதும். 'பதறியடித்து' என்பதற்கு ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை. மகன் விழுந்துவிட்டான் என்று கேட்டுத் தாய் பதறியடித்து ஓடுகிறாள் என்றால், ஓட்டத்துக்கு 'ரேன்' போட்டுவிட்டு, அவள் செருப்புப் போட மறந்ததையோ அடுப்பை அணைக்காமல் போனதையோ மூலத்தில் தேடுவேன். நல்ல கதையாசிரியர் அதை எழுதியிருப்பார். பதற்றம் அங்கே இருக்கும்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. 'ஹேஸன்', 'ஹஸில்', 'பஸில்', 'ஜாஸில்' நான்கிலும் எழுத்தில் 'ட்' உண்டு, வாயில் கிடையாது. 'லிஸன்', 'விஸில்' போலத்தான். இறந்தகாலங்களை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை: ஸ்பெட், ஷாட், டோர், ஸ்வெப்ட், ஸ்ட்ரோட். 'டோர் டவுன் த ஸ்ட்ரீட்' (தெருவில் தலைதெறிக்க ஓடினான்) என்பதைப் பார்த்துத் தெருவை யாரோ கிழித்துவிட்டதாக எழுதிய தமிழாக்கத்தை அச்சிலேயே பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பயன்படுத்தலாம் என்று கேட்பார்கள். ஒரு சிறுகதைக்கு ஒரு 'ஸ்கட்டில்' தாராளம். மற்ற இடங்களில் எல்லாம் 'ரேன்', 'வென்ட்', 'கேம்'. எல்லோரும் டார்ட், போல்ட், டேஷ் என்று பாய்ந்துகொண்டிருக்கும் பக்கத்தில் வாசகர் யாரையும் பார்க்க மாட்டார். முதல் வரைவில் எல்லா இடத்திலும் 'வென்ட்' என்றே எழுதிவிட்டு, முடித்தபின் திரும்பி வந்து, எந்தப் போக்கில் கதை திரும்புகிறதோ அந்த இடத்தில் மட்டும் சொல்லை மாற்றுங்கள். அகராதியைப் பார்க்கும்போது பொருளைப் படிக்காதீர்கள். எல்லாச் சொல்லுக்கும் 'விரைந்து செல்' என்றுதான் போட்டிருக்கும். மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாய் யார் என்று பாருங்கள். அங்கே எலி இருந்தால் உங்கள் தாலுகா அலுவலகப் பெரியவரை அந்த வரியிலிருந்து வெளியே அழைத்து வந்துவிடுங்கள். அவருக்கு 'ஹர்ரீட்' போதும்: 'ஹி ஹர்ரீட் டு த தாலுக் ஆஃபிஸ்'. மனத்தில் அவசரம், காலில் மரியாதை.

கடைசியாக, எந்த வினையும் தேடக் கூடாத ஓர் இடம். வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிறார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பவர் 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். இன்னும் வரவில்லை, ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. எதிர்காலத்திலோ நிகழ்காலத்திலோ நடப்பதை இறந்தகாலத்தில் சொல்வது விரைவைக் குறிக்கும் என்று தொல்காப்பியர் வினையியலில் நூற்பாவே எழுதியிருக்கிறார். ஆங்கிலம் இந்த வேலைக்குத் தன் இறந்தகாலத்தைத் தராது. 'ஐ ஹேவ் கம்' என்று எழுதினால் ஆள் ஏற்கெனவே எதிரில் நிற்கிறார், அதுவும் ஒரு தீர்க்கதரிசியைப் போல. 'ஐ வில் கம் குயிக்லி' என்றால் கால அட்டவணை. 'கமிங்!' என்று ஒற்றைச் சொல்லை எழுதி, ஒரு வியப்புக்குறி போட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.